கைராசிக்கு வைத்த பரீட்சை

என் மனைவிக்குக் கைராசி இல்லை என்று அவள் வேலை பார்க்கும் நூற்பாலையின் முதலாளி சொன்னபோது நான் சிரித்துவிட்டேன். சிரித்ததோடு நிறுத்தியிருக்கலாம். "அதையும் ஒரு டெஸ்ட் போட்டுப் பார்த்துவிடுவோமே" என்று சொல்லித் தொலைத்தேன். புள்ளியியல் வாத்தியாரின் வாய் அப்படித்தான். எங்கே 'இருக்குமோ' என்ற சொல் விழுந்தாலும் அங்கே போய்ச் சம்மணமிட்டு உட்கார்ந்துகொள்ளும்.

எங்கள் வீடு ஸ்ரீவில்லிபுத்தூரில். நான் ராஜபாளையத்தில் ஒரு கல்லூரியில் கௌரவ விரிவுரையாளர். சம்பளத்தில் வைக்க முடியாத கௌரவத்தைப் பதவியின் பெயரில் வைத்துவிட்டார்கள். இரண்டு ஊருக்கும் நடுவே, மெயின் ரோட்டிலிருந்து மலையைப் பார்த்து உள்ளே திரும்பினால் அந்த மில். டெக்ஸ்டைல் டிப்ளமோ முடித்துவிட்டு அங்கே சேர்ந்த என் மனைவி, நூல் நூற்கும் ஹாலில் ஷிஃப்ட் சூப்பர்வைசர். மெஷின் இரைச்சலில் அங்கே பேச்சு எடுபடாது, எல்லாம் விசில்தான். அந்த ஹாலில் விசில் ஊதிய முதல் பெண் அவள். வீட்டில் விசில் தேவைப்படவில்லை. நான் கண்ஜாடைக்கே ஓடுகிற ரகம்.

அன்று மாலை அவளைக் கூட்டிவரப் போனபோதுதான் முதலாளி என்னை அறைக்குள் அழைத்தார். அப்பாவிடமிருந்து மில்லை வாங்கிக்கொண்ட இளைஞர், இன்ஜினீயர். வீட்டில் தெலுங்கு பேசுகிறவர். மனம் நன்றாக இருந்தால் "ரண்டி சார், ரண்டி" என்று வரவேற்பார். அன்று "வாங்க" என்று மட்டும் சொன்னார். மேஜைமேல் லேப்டாப் திறந்திருந்தது.

விஷயம் இதுதான். ஒரு கொள்முதல் பஞ்சு தீர்ந்து அடுத்த லாட் ஏறும்போதெல்லாம் அந்த மில்லில் மெஷினை நிறுத்தித் துடைத்து, கற்பூரம் காட்டி, எலுமிச்சம்பழம் வைத்து, பிறகு ஒருவர் பச்சை பட்டனை அமுக்குவார். யார் அமுக்குவது என்பது சின்ன விஷயமில்லை. கைராசி உள்ளவர் அமுக்கினால் நூல் அறாமல் ஓடும் என்று நம்பிக்கை. இது பழைய பழக்கம். புதுசு என்னவென்றால், இளைய முதலாளி ஒவ்வொரு மெஷினிலும் சென்சார் மாட்டியிருந்தார். நூல் அறுந்தால் அது எண்ணிக்கொள்ளும். பட்டனை அமுக்குகிறவர் முதலில் தன் அடையாள அட்டையை மெஷினில் காட்ட வேண்டும் என்பதால், யார் ஆரம்பித்து வைத்த மெஷினில் எத்தனை நூல் அறுந்தது என்பதும் லேப்டாப்புக்கு வந்துவிடும்.

"எனக்கு ராசியில எல்லாம் நம்பிக்கை கிடையாது சார்" என்றார் முதலாளி. "நான் டேட்டாவைத்தான் நம்புவேன். டேட்டா என்ன சொல்லுதுன்னா, உங்க வீட்டம்மாவுக்கு ராசி இல்லன்னு சொல்லுது."

அங்கேதான் நான் சிரித்தது.

"சிரிக்காதீங்க சார். ஆயுத பூசை கழிஞ்சதும் புது மெஷின் இறங்குது. அந்த செக்‌ஷனை அவங்க பொறுப்புல விடலாம்னு இருந்தேன். இப்ப யோசனையா இருக்கு. பேக்கிங் பக்கம் மாத்திரலாமான்னு பாக்கேன்."

பேக்கிங் என்றால் அட்டைப் பெட்டிக்கு டேப் ஒட்டுவதை மேற்பார்வை பார்ப்பது. விசிலுக்கு அங்கே வேலை இல்லை. அதற்கு அவளை அனுப்பினால் அவள் வேலையையே விட்டுவிடுவாள் என்பது எனக்குத் தெரியும். அதனால்தான் நெஞ்சை நிமிர்த்தினேன்.

"முதலாளி, ரெண்டு விஷயம் சேர்ந்தே வருதுன்னா ஒண்ணால ஒண்ணு நடக்குதுன்னு ஆகாது. மொதல்ல சேர்ந்து வருதான்னே பார்க்கணும். கண்ணுக்குத் தெரியுற சேர்க்கை தற்செயலாவும் இருக்கலாம். டெஸ்ட் போட்டா ஒண்ணுமில்லன்னு வந்துரும்."

"வந்துச்சுன்னா பேக்கிங் பேச்சே எடுக்க மாட்டேன். வரலன்னா?"

"வரும் முதலாளி."

"வரலன்னா சார்?"

"அப்ப உங்க இஷ்டம்" என்றேன். யாருடைய வேலை, யார் இஷ்டம், யார் கொடுக்கிறான் பாருங்கள். அவள் வெளியே வண்டிப் பக்கத்தில் நின்று தலையிலிருந்த பஞ்சுத் தூசியைத் தட்டிக்கொண்டிருந்தாள். வழியில் "என்ன பேசுனிய?" என்று கேட்டாள். "சும்மா, படிப்பு விஷயம்" என்றேன்.

மறுநாள் மதியம் கல்லூரிக் கம்ப்யூட்டர் லேபில் உட்கார்ந்தேன். முதலாளி அனுப்பிய ஒரு வருஷத்து லாட் மாற்றங்கள் என் முன்னால். முறை எளிமையானது. அவள் பட்டன் அமுக்கியிருந்தால் ஒன்று, வேறு யாராவது என்றால் பூஜ்யம். பக்கத்துக் கட்டத்தில் அறுந்த நூலின் எண்ணிக்கை. (எங்கள் வீட்டில் யார் ஒன்று, யார் பூஜ்யம் என்பதற்குக் கம்ப்யூட்டர் தேவையில்லை.) இந்த இரண்டு வரிசையும் எவ்வளவு ஒட்டிப் போகின்றன என்பதை ஓர் எண் சொல்லும். அதற்கு ஒட்டுறவுக் கெழு என்று பெயர். பூஜ்யத்தை ஒட்டி வந்தால் இரண்டுக்கும் சம்பந்தமில்லை. ஒன்றை நோக்கி ஏறினால் இது கூடும்போது அதுவும் கூடுகிறது. ஏறியதும் நம்பிவிடக் கூடாது. அவள் கைக்கும் நூலுக்கும் சம்பந்தமே இல்லை என்று முதலில் வைத்துக்கொள்ள வேண்டும். அதுதான் இன்மைக் கருதுகோள். சம்பந்தமே இல்லாவிட்டாலும் இப்படி ஓர் எண் தற்செயலாக வர எவ்வளவு வாய்ப்பு என்று பார்க்க வேண்டும். நூற்றுக்கு ஐந்துக்கும் கீழே போனால், இன்மைக் கருதுகோளைக் கைகழுவ வேண்டும் என்பது நாங்கள் வைத்திருக்கும் வழக்கம்.

பட்டனைத் தட்டினேன். ஒட்டுறவு பாதியைத் தாண்டி நின்றது. தற்செயலாக வருவதற்கான வாய்ப்பு நூற்றில் ஒன்றுகூட இல்லை.

பிராக்டிகல் செய்துகொண்டிருந்த மாணவி ஒருத்தி எட்டிப் பார்த்துவிட்டு, "சார், சிக்னிஃபிகன்ட் சார்! சூப்பர் சார்!" என்றாள். வகுப்பில் அப்படி வந்தால் கைதட்டச் சொல்லிக்கொடுத்தவன் நான்தான். இரண்டு பேர் தட்டினார்கள்.

எண்களை மறுபடி ஏற்றித் தட்டினேன். வரிசையைத் தலைகீழாக்கினேன். கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டேன். மெஷினுக்கு எலுமிச்சம்பழம் வைக்கிறவர்களைக் கேலி செய்கிற நான், கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டால் என் மனைவியின் ராசி மாறும் என்று நம்பிய நேரம் அது. மாறவில்லை.

அன்று மாலை அவளிடம் சொல்லியே ஆக வேண்டியிருந்தது. அவள் அடுப்படியில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். எதிரே போய் உட்கார்ந்து நானும் இரண்டு தண்டை எடுத்துக்கொண்டேன். நான் கீரை ஆய உட்கார்ந்தாலே அவளுக்குச் சந்தேகம் வந்துவிடும்.

"என்ன செஞ்சு வச்சிருக்கிய?"

சொன்னேன். முழுசாக. பேக்கிங், டெஸ்ட், 'உங்க இஷ்டம்' வரை. அவள் கையிலிருந்த கீரைக்கட்டு அப்படியே நின்றது.

"ஏங்க, என் வேலைய வச்சு நீங்க பந்தயம் கட்டுனியளா?"

"பந்தயம் இல்லட்டி. அறிவியல்."

"அந்த அறிவியலு என்ன சொல்லுது?"

நான் தண்டைப் பார்த்தேன். "கொஞ்சம்... உனக்கு எதிரா சொல்லுது."

"கொஞ்சமா?"

"ரொம்ப."

அவள் அழுவாள் என்று பயந்தேன். அவள் சிரித்தாள். அது அதைவிடப் பயமாக இருந்தது. "வெளங்கிரும். ஊரு முழுக்க எனக்கு ராசி இருக்குன்னு சொல்லுது, கட்டுன புருசன் கணக்குப் போட்டு இல்லங்கான். எனக்கா ராசி இல்ல? மேஸ்திரிட்டப் போய்க் கேளுங்க. சண்டிப் பஞ்சு வந்தா அவரு யாரக் கூப்பிடுதாரு? 'அந்தப் புள்ளயக் கூப்பிடு, அது கைப்பட்டாத்தான் இது அடங்கும்'னு என்னையத்தான கூப்பிடுதாரு? நல்ல பஞ்சுன்னா யாரு வேணா அமுக்கிட்டுப் போவாவ. பிசுபிசுன்னு தேனு மாதிரி ஒட்டுற பஞ்சு, கட்டையான பஞ்சு, அம்புட்டுக்கும் நான்தான். வேற யாரு?"

நான் கையிலிருந்த தண்டை வாயில் வைத்துவிட்டேன்.

"திரும்பச் சொல்லு."

"எத? புருசன் சரியில்லங்கதயா?"

"அதுக்கு முன்னாடி."

அவளுக்கு ராசி இருக்கிறது என்று நம்பியதால், மோசமான பஞ்சுக்கெல்லாம் மேஸ்திரி அவளைக் கூப்பிட்டார். மோசமான பஞ்சு அறுந்தது. லேப்டாப்புக்குப் பஞ்சைத் தெரியாது, அவள் அட்டையைத்தான் தெரியும். ராசிக்காரி என்ற பேரே அவளை ராசி கெட்டவள் ஆக்கிவிட்டது. தீ பிடித்த இடத்தில் எல்லாம் தீயணைப்பு வண்டி நிற்கிறது, ஆகவே வண்டிதான் தீ வைக்கிறது என்பதைப் போன்ற கணக்கை நான் கம்ப்யூட்டரில் போட்டு, மாணவிகள் கைதட்ட, வீட்டுக்கும் கொண்டுவந்திருக்கிறேன். யார் எப்போது அமுக்குவது என்று எப்படி முடிவு செய்கிறீர்கள் என்ற கேள்வியை நான் முதலில் கேட்டிருக்க வேண்டும். முதல் வருஷப் பிள்ளைகளுக்கு அதைச் சொல்லிக்கொடுக்கவே ஒரு வாரம் எடுத்துக்கொள்கிறேன்.

"நாளைக்கே முதலாளிட்டச் சொல்லிர்றேன்" என்று எழுந்தேன்.

"ஒண்ணும் வேண்டாம். நீங்க போய்ச் சொன்னா என்னைய வாட்ச்மேன் ஆக்கிருவாவ."

சொல்லத்தான் போனேன். முதலாளி மேஸ்திரியையும் வரவழைத்தார். மேஸ்திரி நடுவயசு தாண்டியவர், பஞ்சை இரண்டு விரலில் இழுத்துப் பார்த்தே அதன் குணத்தைச் சொல்லிவிடுவார்.

"சண்டிப் பஞ்சுக்கு மட்டும் அந்த அம்மாவக் கூப்பிட்டீரா?" என்று முதலாளி கேட்டார்.

"ஆமா முதலாளி. ராசிக்காரக் கையில்லா?"

"ராசிக்காரக் கைன்னா ஏன்யா நூலு அம்புட்டு அறுந்துச்சு?"

"அவுக கை இல்லன்னா இன்னும் அறுந்திருக்கும் முதலாளி."

உலகத்தில் எந்தப் புள்ளியியல்காரனாலும் அந்தப் பதிலை உடைக்க முடியாது. நடக்காத ஒன்றோடு ஒப்பிட்டுவிட்டார் மனிதர்.

முதலாளி என் பக்கம் திரும்பினார். "சார், நீங்கதான் டெஸ்ட் போடலாம்னு சொன்னீங்க. போட்டீங்க. தோத்தீங்க. தோத்த பொறவு பஞ்சு, சண்டின்னு புதுசா காரணம் கொண்டாரீங்க. நாளைக்கு நான் தோத்தா, வெயில்னு சொல்லட்டுமா?"

அவர் சொன்னது நியாயம். விடை வந்த பிறகு கேள்வியை மாற்றுவது எங்கள் தொழிலில் பெரிய தப்பு. பழைய எண்களை வைத்து இனி ஒன்றும் நிரூபிக்க முடியாது. புதிதாகச் செய்து பார்க்க வேண்டும். யார் பட்டன் அமுக்குவது என்பதை மேஸ்திரியோ முதலாளியோ என் மனைவியோ தீர்மானிக்கக் கூடாது. தற்செயல் தீர்மானிக்க வேண்டும். அப்போதுதான் சண்டிப் பஞ்சு இரண்டு கைகளுக்கும் சமமாகப் போக வாய்ப்பு.

"லாட் மாறலன்னாலும் தினமும் ஒரு மெஷினை நிறுத்தித் துடைச்சு ஓட்டுவீங்கல்ல? ஒவ்வொரு காலையும் காசைச் சுண்டுவோம். தலை விழுந்தா அவ. பூ விழுந்தா இன்னொரு சூப்பர்வைசர். எல்லா மெஷினும் ஒரு சுத்து வரட்டும்."

முதலாளி முகம் சுளித்தார். "மெஷினை ஸ்டார்ட் பண்ண காசைச் சுண்டுறதா? லேபர் எல்லாம் சிரிப்பாங்க சார். சூதாட்டம் மாதிரி."

அங்கே எனக்கு வாழ்க்கையில் எப்போதாவது வரும் புத்தி வந்தது. "சரி. பூக்கட்டிப் பார்ப்போம்" என்றேன்.

கல்யாணமா, நிலமா, ஆபரேஷனா, எதிலும் முடிவுக்கு வர முடியாதபோது எங்கள் பக்கத்தில் செய்வதுதான். இரண்டு நிறப் பூவைத் தனித்தனிப் பொட்டலமாகக் கட்டிச் சாமி முன்னால் போட்டு, ஒன்றை எடுப்பார்கள். எடுத்த நிறம் சாமியின் பதில். முதலாளிக்கு அது தெய்வ வாக்கு. எனக்கு அது அரைக்கு அரை வாய்ப்பு. முதல் முறையாக அந்த அறையில் மூன்று பேரும் தலையாட்டினோம்.

மில் வாசல் பிள்ளையார் முன்னால் தினமும் காலையில் அது நடந்தது. செவ்வரளி என் மனைவிக்கு, வெள்ளரளி இன்னொரு சூப்பர்வைசருக்கு. செவ்வரளியும் நந்தியாவட்டையும் என்றுதான் முதலில் கொண்டுவந்தார்கள். கைக்கு வித்தியாசம் தெரிந்துவிடும் என்று நான் மறுத்தேன். ஒரே அளவுப் பூ, ஒரே பேப்பர், ஒரே மடிப்பு, தூக்குச்சட்டியில் போட்டுக் குலுக்க வேண்டும், எடுக்கிறவர் வானத்தைப் பார்க்க வேண்டும்.

எடுக்க வேண்டிய வாட்ச்மேன் சலித்துக்கொண்டார். "சார், பூக்கட்டிப் பாக்க இம்புட்டுச் சட்டமா? சாமிக்கே நம்ம மேல சந்தேகம் வந்துரும்."

பட்டனை அமுக்கியவர் அதோடு விலகிவிட வேண்டும், மற்ற வேலையெல்லாம் வழக்கம்போல், அறுந்த நூலை சென்சார் எண்ணிக்கொள்ளும் என்பது ஏற்பாடு. நான் கல்லூரிக்குப் போகும் வழியில் இறங்கிப் பூவைப் பார்த்துவிட்டுப் போவேன். அந்த இன்னொரு சூப்பர்வைசர் நல்ல பையன். முதல் நாளே என்னை ஓரமாகக் கூப்பிட்டான். "எனக்கு ராசி இருக்கா இல்லையான்னு இதுவரைக்கும் யாரும் கேட்டதில்ல சார். நிம்மதியா இருந்தேன். நீங்க கேக்க வச்சிட்டிய" என்றான்.

வெளியே அமைதியாக இருந்தேன். உள்ளே நிலைமை வேறு. அவள் கைக்கும் நூலுக்கும் சம்பந்தமே இல்லாவிட்டாலும், இருபதில் ஒரு தடவை டெஸ்ட் 'சம்பந்தம் இருக்கிறது' என்று பொய் சொல்லும். வகுப்பில் இதைச் சொல்லும்போது சாக்பீஸைத் தூக்கிப் போட்டுப் பிடித்துக்கொண்டே சொல்வேன். இருபதில் ஒன்று, சின்ன வாய்ப்பு, பிள்ளைகளே. இப்போது அந்த இருபதில் ஒன்று எங்கள் வீட்டுக்குள் செருப்போடு வந்து, சாப்பிட உட்கார்ந்து, என் பக்கத்திலேயே படுத்துக்கொண்டது.

சிவப்பு, வெள்ளை, வெள்ளை, சிவப்பு என்று போய்க்கொண்டிருந்த பூ, ஒரு வாரம் சிவப்பாகவே வரத் தொடங்கியது. தொடர்ந்து நாலு சிவப்பு. அதே நேரத்தில்தான் ஒட்டுகிற பஞ்சு லாட் ஒன்றும் உள்ளே வந்திருந்தது. நூல் அறுந்தது, அறுந்தது, அறுந்துகொண்டே இருந்தது. ஹாலில் பேச்சு கிளம்பிவிட்டது. தன் மகளுக்கு வளைகாப்பு வைத்திருந்த என் மனைவியின் தோழி ஒருத்தி, "ஏட்டி, தப்பா நெனைக்காத. வளையல் மட்டும் நீ போட வேண்டாம். சாப்பிட வந்துரு" என்றாளாம். அதை அவள் என்னிடம் சொல்லும்போது கோபமே இல்லை. துணி மடித்துக்கொண்டே சொன்னாள். மடித்ததையே மறுபடி மடித்தாள்.

"நான் போகப் போறதில்ல" என்றாள்.

"நானும் வரேன், ரெண்டு பேரும் போய் ரெண்டு கையிலயும்..."

"விளையாடாதிய. போதும்."

மறுநாள் வகுப்பில் நின்றுகொண்டிருக்கும்போது முதலாளியின் போன். "சார், போதும். நாலு தடவ சாமி அவங்க பேரையே சொல்லுது. நாலு தடவையும் அறுந்திருக்கு. இன்னும் என்ன வேணும்? நாளைக்குப் பேக்கிங்குக்கு மாத்தச் சொல்லிட்டேன்."

வகுப்பை அப்படியே விட்டுவிட்டு வண்டியை எடுத்தேன். போகிற வழியெல்லாம் வாய்க்குள் பெருக்கிக்கொண்டே போனேன். அவர் அறையில் மூச்சு வாங்கியபடி நின்று, பிள்ளைகளுக்குச் சொல்வதைப் போலவே சொன்னேன்.

"முதலாளி, ஒரு பூ சிவப்பா வர பாதி வாய்ப்பு. அடுத்ததும் சிவப்புன்னா பாதியில பாதி. நேத்து சிவப்பு வந்தது இன்னைக்கிப் பூவுக்குத் தெரியாது, அதனாலதான் பெருக்குறோம். நாலும் சிவப்புன்னா பதினாறுல ஒண்ணு. கேக்க அபூர்வமாத்தான் இருக்கு. ஆனா இத்தன நாள் எடுத்துக்கிட்டே இருந்தா, எங்கயாவது ஒரு எடத்துல நாலு ஒரே நிறமா வராம இருந்தாத்தான் ஆச்சரியம். சிவப்பு இல்லன்னா வெள்ளை."

"கணக்குக்கு நல்லாத்தான் இருக்கு."

"டாஸ்ல நாலு தடவ தோத்தா மேட்சை நிறுத்திருவீங்களா? இப்ப நிறுத்துனா நீங்க ஜெயிக்கிற நேரம் பார்த்து நிறுத்துன மாதிரி ஆகும். அன்னைக்கி நான் தோத்த பொறவு கேள்விய மாத்துனேன்னு சொன்னீங்க. அது தப்புன்னா இதுவும் தப்புதான்."

அவர் ஜன்னல் வழியாக ஹாலைப் பார்த்தார். "இந்த சுத்து முடியட்டும்" என்றார். "அதுக்கு மேல ஒரு நாள் கிடையாது."

அந்த மிச்ச நாட்களை நான் எப்படிக் கடத்தினேன் என்று கேட்காதீர்கள். கேட்காமலே சொல்கிறேன். ஒரு காலை மில்லுக்குப் போகும் முன், எங்கள் தெருக்கோயிலில் அர்ச்சனைத் தட்டு வாங்கினேன். "யாரு பேருக்கு?" என்றார் ஐயர். மனைவி பெயரைச் சொன்னால் அவளுக்கு ராசி கூடிவிட்டால் என்ன செய்வது? எனக்கு வேண்டியது ராசி என்று எதுவுமே இல்லை என்பதுதான். "சாமி பேருக்கே செஞ்சிருங்க" என்று தலையைச் சொறிந்தேன். இன்மைக் கருதுகோளுக்காக அர்ச்சனை செய்த புள்ளியியல் ஆசிரியர் வேறு யாராவது இருந்தால் சொல்லுங்கள், சங்கம் ஆரம்பிக்கலாம்.

ஒட்டுகிற பஞ்சு இன்னும் தீரவில்லை. பிறகு வந்த நாட்களில் வெள்ளை வந்தது. அந்தப் பையன் அமுக்கினான். கண்ணை மூடிக்கொண்டு அமுக்கினான் என்று என் மனைவி சொன்னாள். எப்படி ஓடியது என்று நான் கேட்கவில்லை. சுற்று முடியும் வரை எண்களைப் பார்ப்பதில்லை என்று எனக்கு நானே போட்ட சட்டம். அவளுக்குத் தெரியும். சொல்லவும் இல்லை. சாப்பாட்டில் அவள் எனக்கு எப்போதும் வைக்கிற அப்பளத்தை வைத்தாள் என்பதை மட்டும் கவனித்தேன். அதை வைத்து எதையும் முடிவு செய்யக் கூடாது என்றும் எனக்குச் சொல்லிக்கொண்டேன்.

கடைசி நாள் சாயங்காலம் முதலாளி அறையில் நானும் அவரும் மேஸ்திரியும். என் மனைவியையும் வரச் சொல்லியிருந்தார். அவள் கதவோரம் நின்றாள், கழுத்தில் விசில். எண்களை முதலாளியே ஏற்றினார், நான் தொடவில்லை. கம்ப்யூட்டர் ஒரு கணம் யோசித்தது. அந்த ஒரு கணத்தில் எனக்கு என் முழுத் தொழிலின் மீதும் வெறுப்பு வந்தது.

ஒட்டுறவு பூஜ்யத்துக்குப் பக்கத்திலேயே கிடந்தது. சம்பந்தம் இல்லாமலே இப்படி வருவதற்கான வாய்ப்பு தாராளமாக இருந்தது.

"அப்ப ராசி கெட்டவங்க இல்லன்னு நிரூபணம் ஆயிருச்சா சார்?" என்று முதலாளி கேட்டார்.

'ஆமா' என்று சொல்லியிருந்தால் எல்லாரும் டீ குடித்துவிட்டுக் கலைந்திருக்கலாம். என் வாய் இருக்கிறதே. "நிரூபணம்னு சொல்ல முடியாது முதலாளி. கைக்கும் நூலுக்கும் சம்பந்தம் இருக்குன்னு சொல்ல ஆதாரம் இல்ல. அம்புட்டுத்தான் சொல்லலாம்."

கதவோரத்திலிருந்து ஒரு பார்வை வந்து என் முதுகில் குத்தியது. முதலாளி நாற்காலியில் சாய்ந்தார். "அப்ப சந்தேகம் இருக்கு?"

"சந்தேகம் உங்களுக்கும் இருக்கும், எனக்கும் இருக்கும். எல்லார் கையப் பத்தியும் இருக்கும்" என்றேன்.

அவர் மறுபடி திரையைப் பார்த்தார். எண்களைத் தேதிவாரியாக மேலும் கீழும் தள்ளினார். ஒட்டுகிற பஞ்சு உள்ளே வந்த நாட்களில் நிறுத்தினார். சிவப்பு வந்த நாளிலும் அறுந்திருந்தது. வெள்ளை வந்த நாளிலும் அதே மாதிரி அறுந்திருந்தது. அந்த லாட் தீர்ந்த மறுநாள் சிவப்பு. நூல் அழகாக ஓடியிருந்தது.

"இந்தப் பஞ்சை யாரு வாங்கச் சொன்னா?" என்றார்.

"நீங்கதான் முதலாளி" என்றார் மேஸ்திரி, பட்டென்று.

முதலாளி என்னைப் பார்த்தார், மேஸ்திரியைப் பார்த்தார், பிறகு சத்தம் போட்டுச் சிரித்தார். சிரிப்பு அடங்கியதும் கதவோரம் பார்த்து, "புது செக்‌ஷன் உங்களுக்குத்தாம்மா. பேக்கிங்கை மறந்துருங்க" என்றார்.

நான் என் மனைவி அழுதுவிடுவாள் என்று மறுபடி நினைத்தேன். இந்த விஷயத்தில் என் கணிப்பு ஒரு தடவைகூடப் பலித்ததில்லை.

"ஒரு விஷயம் முதலாளி" என்றாள். "பட்டன நான் அமுக்குதேன், வேற யாரும் அமுக்கட்டும், அது பெருசில்ல. ஆனா என் அட்டைய மட்டும் கம்ப்யூட்டர்ல ஏத்துதிய. என்ன பஞ்சுன்னு ஏத்தல. அதுக்கும் ஒரு கட்டம் போடுங்க. மேஸ்திரி பஞ்சப் பாத்து மொதல்லயே சொல்லட்டும், நூலு அறுந்த பொறவு இல்ல. அதப் போட்டாத்தான் நான் அந்த செக்‌ஷனுக்குப் போவேன்."

நான் இத்தனை நாள் உருண்டு புரண்டு செய்ததை அவள் ஒரு கட்டத்தில் கேட்டுவிட்டாள். முதலாளி உடனே சரி என்று சொல்லவில்லை; சாஃப்ட்வேர்க்காரனிடம் கேட்க வேண்டும் என்றார். அவள் நகரவில்லை; அவர் அங்கேயே போனை எடுத்துக் கேட்டார்.

வீட்டுக்கு வரும் வழியில் வண்டியின் பின்னால் உட்கார்ந்து அவள் தலையிலிருந்த பஞ்சுத் தூசியைத் தட்டிக்கொண்டே வந்தாள். ஊருக்குள் நுழையும்போது, "ராசி இல்லங்கத அழிச்சிட்டிய. சந்தோசம். ராசி இருக்குங்கதயும் சேத்துல்ல அழிச்சிட்டிய" என்றாள். கண்ணாடியில் பார்த்தேன், அவள் மலைப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த நல்ல பேரும் சேர்ந்து போகும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அவளுக்கு அது எவ்வளவு பெரிய விஷயமாக இருந்தது என்பதை என் ஒன்றிலும் பூஜ்யத்திலும் எங்கும் குறித்திருக்கவில்லை.

ஆயுத பூசை கழிந்து புது மெஷின் ஓடத் தொடங்கிய அன்று என்னையும் கூப்பிட்டார்கள். கற்பூரம் காட்டினார்கள், எலுமிச்சம்பழம் வைத்தார்கள். மேஸ்திரி பஞ்சை இழுத்துப் பார்த்து ஏதோ சொன்னார், திரையில் ஏற்றினார்கள். என் மனைவி அட்டையைக் காட்டிப் பச்சை பட்டனை அமுக்கினாள். நூல் சுற்றும் கதிர்கள் சுழலத் தொடங்கின.

கொஞ்ச நேரத்தில் ஒரு நூல் அறுந்தது. பிறகு இன்னொன்று. முதலாளி போனில் அறுந்த எண்ணிக்கையைப் பார்த்தார். முகம் இறுகியது. நிமிர்ந்தார். நான் அவர் கண் எங்கே திரும்புகிறது என்று மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். அது மேஸ்திரியின் பக்கம் போனது.

"என்ன பஞ்சுய்யா இது?" என்று இரைச்சலுக்கு மேல் கத்தினார்.

அவளுக்கு அது கேட்டிருக்காது. அவள் ஏற்கெனவே மெஷின் சந்துக்குள் போய், அறுந்த நூலைப் பிடித்து முடிந்துகொண்டிருந்தாள்.